யார் வீட்டுப் பிள்ளை?

சேலம் புதிய பேருந்து நிலையத்திலே, இராசிபுரம் வழியாக நாமக்கல் செல்லும் வண்டியில் ஏறினேன். கையிலே இரண்டு பெட்டி. தோளிலே ஒரு பை. நெஞ்சிலே பதினோரு ஆண்டுச் சென்னை வாழ்வு. மல்லூர் கடந்தது. இருமருங்கும் மரவள்ளிக் காடு. கிழக்கே மலைகளின் நீல வரம்பு. ஊர் வருகிறது, ஊர் வருகிறது என்று உள்ளம் துள்ளிற்று.

அருகே ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். வெளுத்த வேட்டி, வெற்றிலைச் சிவப்பேறிய வாய், கனிந்த முகம். மடியிலிருந்த பையிலிருந்து கொய்யாப்பழம் ஒன்றை எடுத்தார், இரண்டாகப் பிட்டார், பாதியை என்னிடம் நீட்டினார். வாங்கித் தின்றேன். இனித்தது.

"தம்பிக்கு எந்த ஊருங்க?"

சொன்னேன்.

"அட, நம்ம பக்கந்தானுங்க! யாரூட்டுப் பையனுங்க?"

தந்தையின் பெயரைச் சொன்னேன். பெயர் போதவில்லை.

"ஊருக்குள்ளீங்களா, தோட்டத்துலீங்களா? எந்தத் தெருவுங்க? குலசாமி எதுங்க?"

பழத்தின் மறுபாதி அவர் கையிலேயே இருந்தது. வாய்க்குப் போகவில்லை. விடைக்காகக் காத்திருந்தது அந்தக் கை.

எவ்வளவு மரியாதையான கேள்விகள்! 'ங்க' ஒட்டாமல் ஒரு சொல் இல்லை. கொங்கு நாட்டுப் பேச்சின் குளிர்ச்சியை அயலூரார் புகழ்வது பொய்யன்று. ஆனால், அந்த வெல்லப் பாகுக்குள்ளே முள் ஒன்று கிடக்கிறது. ஊர் கேட்டார், தெருவுக்காக. தெரு கேட்டார், குலசாமிக்காக. குலசாமி கேட்டார், எதற்காக? என்னை எந்தப் படியிலே நிறுத்துவது என்று தெரிந்துகொள்வதற்காக! தாம் பிட்ட பழத்தின் மறுபாதியைத் தாம் தின்னலாமா கூடாதா என்று தெரிந்துகொள்வதற்காக!

அவரைத் தீயவர் என்று நான் சொல்லவில்லை. பழத்தை முதலில் கொடுத்தார், பிறகுதான் கேட்டார். கொடுத்தது மனிதன், கேட்டது ஊர். அந்த ஊரைப் பற்றித்தான், தோழர்களே, இங்கே பேச விரும்புகிறேன்.

பட்டணம் எனக்குச் செய்த பெருநன்மை எது என்று கேட்பீர்களானால், என்னை எவரும் அறியாதிருந்ததே என்பேன். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றிலே, ஒரே அறையில் நால்வர் இருந்தோம், நான்கு மாவட்டத்துக்காரர். தண்ணீர் லாரி வந்தால் குடம் பிடிப்பது யார் முறை என்பதில் நாள்தோறும் சண்டை. வாடகைப் பங்கிலே சண்டை. விளக்கை எப்போது அணைப்பது என்பதிலே பெருஞ்சண்டை! ஆனால், யார் எந்தக் குலம் என்ற பேச்சு அந்த அறைக்குள்ளே எழுந்ததில்லை. ஒருவன் சோற்றை மற்றவன் தின்றான். ஒருவன் சட்டையை மற்றவன் உடுத்தான். மின்சார ரயிலின் நெரிசலிலே தோளோடு தோள் உரசி நின்ற ஆயிரம் பேரிலே, தீட்டுப் பார்க்க எவனுக்கு இடமிருந்தது? இடமில்லாமையே அங்கு அறமாயிற்று!

எழும்பூரிலே கன்னிமரா நூலகம் இருக்கிறது. 1896-இல் திறக்கப்பட்டது. அதன் மேசையிலே, ஞாயிற்றுக்கிழமை தோறும் உட்கார்ந்து படித்தேன். என் எதிரே இருந்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. நான் யார் என்று அவருக்குத் தெரியாது. இருவருக்கும் இடையே இருந்தது நூல்; இருவரையும் பிரிக்க ஏதுமில்லை. எவரும் அறியாதவனாக இருப்பது ஏழ்மை என்று ஊரிலே சொல்வார்கள். அது எத்தனை பெரிய செல்வம் என்பதைத் தெருவின் பெயராலே அளக்கப்பட்டவன் அறிவான்.

பட்டணம் சமத்துவபுரி என்று சொல்ல வந்தேனா? இல்லை. மேன்ஷனை விட்டு வாடகைக்கு வீடு தேடிப் புறப்பட்டபோது, அந்த மயக்கமும் தெளிந்தது. வாயிற்படியிலே நின்ற வீட்டுக்காரர் என் சம்பளத்தைக் கேட்கவில்லை, "நீங்கள் சைவமா?" என்று கேட்டார். கேள்வி சமையலைப் பற்றியது போல் இருந்தது; நோக்கம் சமையலைப் பற்றியது அன்று. ஊரிலே குலசாமியைக் கேட்கிறார்கள். பட்டணத்திலே குழம்பைக் கேட்கிறார்கள். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பட்டணத்திலே ஒரு கதவு மூடினால் அடுத்த தெருவிலே ஒரு கதவு திறக்கும். ஊரிலோ, ஒரு கதவு மூடினால் ஊரே மூடிக்கொள்ளும்! அந்த ஒரு வேறுபாட்டிலேதான் இலட்சக்கணக்கானவர் மூச்சுவிடுகிறார்கள்.

அப்படியானால் ஏன் திரும்பினாய் என்று கேட்கிறார்கள் பட்டணத்து நண்பர்கள். தாய் தனியே இருக்கிறாள், கண் மங்கிவிட்டது. அது ஒரு காரணம். ஆனால் தாய் இல்லாதிருந்தாலும் திரும்பத்தான் வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டு. அதற்கு விளக்கம் சொல்வதற்கு முன், வேறொரு கூட்டத்தாரைக் கவனிக்க வேண்டும்.

'சொர்க்கம் வேறெங்கே? சொந்த ஊரிலே!' என்று பாடுகிற கூட்டம் அது. திரைப்படத்திலே பாடுகிறது, திருமண மேடையிலே பாடுகிறது, பட்டணத்திலே மாடி வீடு கட்டிக்கொண்டு, ஆண்டுக்கொரு முறை திருவிழாவுக்குக் காரிலே வந்து இறங்கி, கரும்பைக் கடித்தபடி பாடுகிறது. மண் வாசனையாம்! மரத்தடித் திண்ணையாம்! உறவின் பிணைப்பாம்! ஆமய்யா, மண் மணக்கத்தான் செய்கிறது, யாருக்கு? திண்ணை குளிரத்தான் செய்கிறது. அதன் மேலே உட்கார முடிந்தவன் யார்? தேநீர்க் கடையிலே தனிக் குவளை என்ற செய்தி, நம் நாட்டு ஏடுகளிலே இன்னும் வந்து கொண்டுதானே இருக்கிறது? அந்தக் குவளையைப் பிடித்த கைக்கும் மண் வாசனை தெரியும். அது பாட்டுப் பாடுவதில்லை.

'ஊருக்கு வா, வந்து வாய் மூடி இரு' என்பதுதான் அந்தப் பாட்டின் பொருள். இது என் கற்பனை என்பீரானால், பதினொரு திங்கள் பழைய கதை அன்று. நாடறிந்த, நீதிமன்றம் அறிந்த, உலகு அறிந்த ஒரு கதையை இதே மண்ணிலிருந்து எடுத்துக் காட்டுகிறேன்.

திருச்செங்கோட்டுக்கு அருகே, உழவர் குடும்பத்திலே, 1966-இல் பிறந்தவர் பெருமாள்முருகன். நாமக்கல் அரசு கலைக் கல்லூரியிலே தமிழ் கற்பித்தவர். மேட்டுக் காட்டையும் ஆடு மேய்க்கும் சிறுவர்களையும் நாவல்களிலே நடமாடவிட்டவர். அது மட்டுமா? இவ்வட்டாரத்து மக்கள் வழங்கும் சொற்களைத் தேடித் திரட்டிக் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' என்று ஒரு நூலே ஆக்கித் தந்தவர். ஊரின் வாய்மொழியை அழியாமல் காத்துக் கொடுத்தவர்.

அவருடைய 'மாதொருபாகன்' என்னும் நாவல் 2010-இல் வெளிவந்தது. பிள்ளைப்பேறு இல்லாமல் வாடும் காளி, பொன்னா என்ற உழவர் குடும்பத்து இணையரின் கதை. மலடி என்ற ஒரு சொல்லாலே ஊர் ஒரு பெண்ணை எப்படி அணு அணுவாகக் கொல்கிறது என்பதைச் சொன்ன கதை. திருவிழா இரவில் நிலவியதாகச் சொல்லப்பட்ட பழைய வழக்கம் ஒன்றும் அதிலே வருகிறது. நான்காண்டுக் காலம் அந்நூல் கடைகளிலே விற்றது, நூலகங்களிலே இருந்தது, எந்த மலையும் இடிந்து விழவில்லை.

2014 டிசம்பரிலே திடீரென்று பலருக்கு மனம் புண்பட்டது! நான்காண்டு தாமதித்துப் புண்பட்ட மனம்! திருச்செங்கோட்டிலே நூலுக்குத் தீ வைத்தார்கள். 2015 ஜனவரியிலே கடையடைப்பு. ஜனவரி 12-ஆம் நாள், நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலே 'அமைதிப் பேச்சு' என்று ஒன்று நடந்தது. பெயரைக் கவனியுங்கள், அமைதிப் பேச்சு! ஒரு பக்கத்திலே ஊரைத் திரட்டி நின்றவர்கள். மறு பக்கத்திலே ஓர் ஆசிரியர். நிபந்தனையற்ற மன்னிப்பு என்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். பேச்சு நடந்தது அவர்களுக்கு. அமைதி விதிக்கப்பட்டது அவருக்கு!

அதன்பின், தம்முள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான், இனி எஞ்சியிருப்பவன் ஓர் ஆசிரியன் மட்டுமே என்று உலகுக்கு அறிவித்துவிட்டு, பணி மாற்றம் கேட்டுப் பெற்றுக்கொண்டு சென்னைக்குக் குடிபெயர்ந்தார். சொந்த ஊரின் சொற்களை எல்லாம் சேர்த்து வைத்தவன், அச்சொற்களைப் பேசுவோர் இல்லாத பட்டணத்துத் தெருவிலே! வேலை தேடிப் பட்டணம் போகிறவனுக்கும் அவருக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். நான் போனது விருப்பத்தால். அவர் போனது விரட்டலால். நான் பட்டணத்திலே எவரும் அறியாதவனாய் இருந்து மகிழ்ந்தேன். நாடறிந்த அவரோ, எழுத்தாளன் இல்லை என்று தம் பெயரையே குறைத்துக்கொள்ள நேர்ந்தது.

இங்கே சட்டம் அறிந்தோர் நினைவு கூரவேண்டிய ஒன்றுண்டு. இந்தியாவின் எப்பகுதியிலும் வசிக்கவும் குடியமரவும் குடிமகனுக்கு உரிமை உண்டு என்கிறது அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு. அதைப் படிக்கும்போது, சேலத்தான் டில்லிக்குப் போகலாம், நாமக்கல்லான் நாகபுரிக்குப் போகலாம் என்றே எண்ணுகிறோம். திருச்செங்கோட்டான் திருச்செங்கோட்டிலே இருக்கலாம் என்பதும் அதிலேதானே அடங்கியிருக்கிறது? பேச்சுரிமையும் குடியிருப்பு உரிமையும் அச்சட்டத்திலே ஒரே பிரிவுக்குள்ளே அருகருகே கிடக்கின்றன. காரணமில்லாமலா? பேச்சைப் பறித்தவுடன் வீட்டையும் பறித்தார்களே, கண்டோமே!

வழக்குச் சென்றது. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் மன்றத்தின் படி ஏறிற்று. 2016 ஜூலை 5-ஆம் நாள், தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் அடங்கிய சென்னை உயர்நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. அந்த அமைதிப் பேச்சின் முடிவு எவரையும் கட்டுப்படுத்தாது என்றது. நூலைத் தடை செய்யவும் ஆசிரியர் மீது நடவடிக்கை எடுக்கவும் வேண்டிய கோரிக்கைகளைத் தள்ளிற்று. பிடிக்காதவன் படிக்காமல் இருக்கலாம் என்ற எளிய அறிவை எடுத்துரைத்து, எழுத்தாளர் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்று முடித்தது.

அவர் எழுதினார். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே 'கோழையின் பாடல்கள்' வெளிவந்தது. வீரம் பேசியோர் தீயை ஏந்தி நின்ற நாட்டிலே, கோழை என்று தன்னை அழைத்துக்கொண்டவர் ஏட்டை ஏந்தி நின்றார், எது நிலைத்தது? அவருடைய 'பூக்குழி' 2023-இலே பன்னாட்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலுக்குச் சென்றது; 'ஆளண்டாப் பட்சி'யின் ஆங்கில வடிவம் அதே ஆண்டு ஜேசிபி இலக்கியப் பரிசு பெற்றது. இவை எல்லாவற்றிலும் பெரிது எது தெரியுமா? அவர் நாமக்கல்லுக்குத் திரும்பி வந்தார் என்பதே!

பூக்குழியின் கதையை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். வேற்றூரிலே சோடாக் கடையிலே வேலை செய்யும் குமரேசன், அங்கே சரோஜாவை மணக்கிறான். மணந்தவளை அழைத்துக்கொண்டு சொந்த ஊருக்கு வருகிறான். நகரத்திலே எளிதாய் மலர்ந்த காதலுக்கு ஊரிலே கிடைத்த முதல் வரவேற்பு, அவள் என்ன ஜாதி என்ற கேள்வி. ஒரே கேள்வி, நாவல் முழுவதும் அதே கேள்வி, முடிவு நெருப்பு. பேருந்திலே அந்தப் பெரியவர் கேட்டாரே, அந்தக் கேள்வியின் கடைசிப் படி அது.

கதைதானே என்று தள்ளாதீர்கள். எழுத்தாளர் ஊரை விட்டுப் போனது 2015-இலே. அதே ஆண்டு ஜூன் மாதம், அதே திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்கு, வேறு ஜாதியைச் சேர்ந்த தோழியோடு சென்றிருந்த ஒடுக்கப்பட்ட வகுப்பு இளைஞன் ஒருவன், பொறியியல் படித்தவன், கடத்தப்பட்டான். மறுநாள் பள்ளிபாளையத்துக்கு அருகே இருப்புப் பாதையிலே கிடந்தது அவன் உடல். 2022 மார்ச்சிலே மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனிலே, முதன்மைக் குற்றவாளி உள்ளிட்டோரின் ஆயுள் தண்டனையை உயர்நீதிமன்றம் உறுதி செய்தது.

நூலை எரித்தவரும் உயிரைப் பறித்தவரும் ஒருவரே என்று நான் கூறவில்லை. அவ்விரு செயலையும் பெற்றெடுத்த தாய் ஒருத்தியே என்றுதான் கூறுகிறேன். அவள் பெயர் ஜாதிச் செருக்கு. வேடிக்கையைப் பாருங்கள்! அந்த மலை மீது நிற்கும் தெய்வம் எது? உடலின் பாதி பெண், பாதி ஆண் என்று சமைத்த சிலை! இரண்டு பாதி ஒன்றாக நிற்பதை மேலே கும்பிட்டுவிட்டு, இரண்டு பேர் ஒன்றாக நிற்பதைக் கீழே பொறுக்க மாட்டார்களாம்!

இன்னொரு வேடிக்கை. நம் நாட்டிலே நாலாத் திசையும் சுற்றுவதில் நாமக்கல் வட்டாரத்தானை விஞ்சியவன் யார்? நாமக்கல் லாரி, சங்ககிரி லாரி போகாத நெடுஞ்சாலை எது? திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆழ்துளைக் கிணறு போடாத மாநிலங்களை எண்ண விரல் வேண்டுமா? திங்கள் கணக்காக வெளிமாநிலத்திலே கிடக்கிறான் நம் ஓட்டுநன். பஞ்சாபிக் கடையிலே ரொட்டி தின்கிறான். சுட்டவன் குலத்தைக் கேட்பதில்லை. குசராத்திலே எவனோ மொண்டு தந்த தண்ணீரைக் குடிக்கிறான். மொண்ட கையைக் கேட்பதில்லை. வண்டியின் அடியிலே படுத்து, பெயர் தெரியாத தோழனோடு ஒரே போர்வையிலே உறங்குகிறான். ஆயிரக்கணக்கான கல் தொலைவு அவனோடு ஜாதி வரவில்லை. தொப்பூர்க் கணவாய் தாண்டியதும், சேலத்துச் சமவெளியிலே சக்கரம் படிந்ததும், எங்கிருந்தோ வந்து ஏறிக்கொள்கிறதே! கட்டணம் இல்லாமல் ஏறுகிறதே! இந்தியா முழுவதும் தேவைப்படாத ஒன்று, இராசிபுரத்திலே மட்டும் எதற்கு?

நாமக்கல் முட்டை கேரளத்துக்குப் போகிறது. கடல் கடந்தும் போகிறது. அடுக்கியது எந்தக் கை என்று எவனாவது கேட்டானா? வெளியே போகிற பண்டத்துக்கெல்லாம் ஜாதியில்லை. திரும்பி வருகிற மனிதனுக்கு மட்டும் உண்டாம்!

உலகம் சுற்றிய அறிவாளிக்கே இந்த வரவேற்புத்தான் கிடைத்தது. 1913-இலே நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார் அம்பேத்கர். பின்பு இலண்டன் சென்றார். அங்கே கழித்த ஆண்டுகளிலே, தாம் தீண்டத்தகாதவர் என்ற நினைவே தம்மை விட்டு அகன்றிருந்ததைப் பின்னாளிலே அவரே எழுதினார். 1917-இலே பரோடா அரசுப் பணிக்காகத் திரும்பினார். தங்குவதற்கு ஓர் அறை இல்லை! பார்சி விடுதி ஒன்றிலே பார்சிப் பெயரோடு தங்கினார். பதினோராம் நாள், தடி ஏந்திய கூட்டம் வந்து விரட்டிற்று. பட்டத்தை மதித்தது நியூயார்க்; பிறப்பைத் தேடிற்று பரோடா. 1948 நவம்பர் 4-ஆம் நாள், அரசியல் நிர்ணய சபையிலே கிராமத்தின் பெருமையைப் பாடியோரை அவர் கண்டித்தார் என்றால், அது ஏட்டறிவா? அடிபட்ட அறிவு!

'அவரே கிராமத்தைக் கண்டித்தாரே! பிறகு ஏன் திரும்புகிறாய்?' என்று மீண்டும் கேட்கிறார்கள் நண்பர்கள். நல்ல கேள்வி. விடை இதோ. ஓட முடிந்தவன் ஓடலாம். தஞ்சம் புகுவது குற்றமில்லை. உயிருக்கு அஞ்சிப் புறப்பட்டவனைப் பார்த்து, ஊருக்குப் போ என்று சொல்ல எவனுக்கும் உரிமையில்லை. ஆனால், ஓட முடியாதவர்கள் இருக்கிறார்களே! கண் மங்கிய தாய் இருக்கிறாள். தறிக் கூடத்திலே முன்பணத்துக்குக் கட்டுண்டவன் இருக்கிறான். பள்ளிக்குப் போகும் சிறுமி இருக்கிறாள். விழித்தவரெல்லாம் வண்டியேறிவிட்டால், அவர்களை யாரிடம் விட்டுப் போகிறோம்? தீயிட்டவரிடம் அல்லவா! நல்லவர் வெளியேறும் ஊரிலே, தீயவர்க்குப் போட்டியே இல்லை.

திரும்பியவன் ஊரை மாற்ற முடியும் என்பதற்குச் சேலமே சான்று. திருச்செங்கோட்டிலே பிறந்த டி. ஆர். சுந்தரம், இங்கிலாந்தின் லீட்சு நகரிலே நெசவுத் தொழில் நுட்பம் படித்தார், ஆங்கிலப் பெண்ணை மணந்தார், ஊர் திரும்பினார். திரும்பியவர் திண்ணையிலே உட்காரவில்லை. சேலத்திலே, ஏற்காடு செல்லும் சாலையிலே, 1935-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவினார். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-இல் அங்கிருந்து வந்தது. தமிழின் முதல் வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் அங்கிருந்து வந்தது. பல ஊர்க் கலைஞர், பல மொழித் தொழிலாளர் சேலத்திலே கூடி உழைத்தனர். பட்டணத்துக்குப் போனவர் பட்டணத்தையே ஊருக்கு அழைத்து வந்தார்! ஆம், அவரிடம் பொருள் இருந்தது. பொருள் இருந்தவனிடம் ஊர் கேள்வி கேட்பதில்லை. பொருள் இல்லாத நாம் எதைக் கொண்டு திரும்புவது என்பதுதான் நம் கேள்வி.

பழைய இலக்கியத்திலே, பட்டணம் போனவள் திரும்பியதில்லை. புகாரிலிருந்து மதுரை சென்ற கண்ணகி, கணவனை இழந்து, ஊரை எரித்து, மேற்கே நடந்து ஒரு குன்றிலே ஏறினாள். அக்குன்றம் செங்கோடு என்று பழைய உரையாசிரியர் ஒருவர் குறித்திருக்கிறார். புகாருக்கு அவள் மீளவில்லை. அந்தச் செங்கோட்டு மண்ணிலே பிறந்தவர், ஊரை எரிக்கவில்லை. ஊர் அவர் நூலை எரித்தது. ஆயினும் அவர் மீண்டார். கண்ணகிக்கு இல்லாத ஒன்று அவருக்கு இருந்தது: நீதி கேட்க ஒரு மன்றம், தோள் கொடுக்க ஒரு சங்கம், படிக்கக் காத்திருந்த பல்லாயிரவர். தனியே திரும்பியவனை ஊர் விழுங்கும். துணையோடு திரும்பியவனை ஊர் ஏற்கத்தான் வேண்டும்.

ஆகவே, ஊர் திரும்பும் தோழர்களே! பெட்டியிலே துணிமணி கொண்டு வருகிறீர்கள். பட்டணத்திலே கற்ற பாடத்தை மட்டும் சுங்கச் சாவடியிலே இறக்கிவிட்டு வராதீர்கள். மேன்ஷன் அறையிலே ஒரே தட்டிலே தின்றீர்களே, அந்தத் தட்டை ஊருக்குக் கொண்டு வாருங்கள். தேநீர்க் கடையிலே தனிக் குவளை இருந்தால், அந்தக் குவளையையே நீங்கள் கேட்டு வாங்கிக் குடியுங்கள். இரண்டாம் நாள் கடைக்காரன் திகைப்பான். பத்தாம் நாள் குவளைகள் கலக்கும். பூட்டிக் கிடக்கும் ஊர் நூலகத்தைத் திறக்கச் சொல்லி எழுதுங்கள். திறந்தால் போய் உட்காருங்கள். காதலித்தவர் வந்து கதவைத் தட்டினால் கதவைத் திறங்கள். நூல் ஒன்று எரிக்கப்படும் என்று கேள்விப்பட்டால், அதில் ஒரு படி வாங்கி வந்து திண்ணையிலே உட்கார்ந்து உரக்கப் படியுங்கள். பட்டணத்து நண்பரின் முகவரிகளையும் தொலைத்துவிடாதீர்கள், தேவைப்படும்.

இவை சிறு செயல்கள் என்று சிரிப்பவர் சிரிக்கட்டும். குலசாமி எது என்பதும் சிறு கேள்வியாகத்தான் தொடங்குகிறது; இருப்புப் பாதையிலே போய் முடிகிறது.

பேருந்துக்கு வருகிறேன். பெரியவர் இன்னும் காத்திருந்தார்.

"ஐயா, என் பெயரைச் சொல்கிறேன், படிப்பைச் சொல்கிறேன், பார்த்த வேலையைச் சொல்கிறேன். வீட்டுக்கு வழியும் சொல்கிறேன். வாருங்கள், அம்மா சோறு போடுவாள். குலத்தை மட்டும் பட்டணத்திலே பதினோரு ஆண்டு எவருக்கும் சொன்னதில்லை. சொல்லாமலே நன்றாக வாழ்ந்தேன். இங்கும் அப்படியே இருக்க எண்ணம்" என்றேன்.

அவர் சினக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. "அதெப்படிங்க தம்பி, ஊருன்னா கேக்கத்தானுங்க செய்வாங்க" என்றார். என் முகத்தை ஒரு முறை, கையிலிருந்த பழத்தை ஒரு முறை பார்த்தார். இராசிபுரம் வந்தது. இறங்கினார். படியிலே நின்று, "அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க" என்றும் சொன்னார். பாதிக் கொய்யா அப்போதும் அவர் கையிலே இருந்தது, தின்னவுமில்லை, எறியவுமில்லை.

எறியவில்லை அல்லவா? அதுதான் நமக்கு இடம். அந்தப் பழம் அவர் வாய்க்குப் போகும் வரையில், கேட்கிற ஊருக்கு நம் விடை ஒன்றே: நாங்கள் மனிதர் வீட்டுப் பிள்ளைகள்; எங்கள் ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறோம்; இனிப் போகமாட்டோம்!